தூத்துக்குடிக்குக் குடிபோகிறோம்: தண்ணீர், துரு, மீன் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

சிறுவாணிக்காரன் கேட்டது:

ஜூன் முதல் வாரம் கோவையிலிருந்து தூத்துக்குடிக்குக் குடிமாறுகிறோம். வீட்டில் மூன்று பேர். கூடவே வருவது ஒரு ஸ்பிளிட் ஏசி, ஒரு பைக், ஒரு வாஷிங் மெஷின், ஒரு கீசர். பார்த்து வைத்திருக்கும் வீடு தரைத்தளம். கடலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். போர் தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளப்பது) பார்த்தால் 2,400 காட்டுகிறது. ஹால் சுவரில் தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு வெள்ளையாகப் பொரிந்திருக்கிறது. பெயின்ட் அடித்துத் தருவதாக வீட்டுக்காரர் சொல்கிறார்.

கேட்க வேண்டியவை மூன்று. இந்த வீட்டை எடுக்கலாமா? உப்புக்காற்றிலிருந்து சாமான்களை எப்படிக் காப்பாற்றுவது? நல்ல மீன் எங்கே, எத்தனை மணிக்குக் கிடைக்கும்? ஊரை ரசித்து வாழ வேண்டும் என்றுதான் வருகிறோம். அதனால் சாயங்காலங்களில் என்ன செய்யலாம் என்பதையும் சொன்னால் சந்தோஷம்.

உப்பளம் எழுதியது:

அந்தத் தரைத்தள வீட்டை விட்டுவிடுங்கள். அதே கட்டடத்தில் மாடி காலியானால் யோசிக்கலாம்.

சுவரில் பொரிந்திருப்பது பெயின்ட் கோளாறு இல்லை. அடியில் இருக்கும் உப்புத்தண்ணீரைச் செங்கல் உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு மட்டும் பூச்சுக்குள் படிகமாகத் தங்கும். அந்தப் படிகம் வளர வளரப் பூச்சைத் தள்ளி உதிர்க்கும். மேலே பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்காலத்தில் பெயின்டோடு சேர்ந்து உரியும். சரியாகச் செய்வதென்றால், கறை ஏறிய உயரத்துக்கு மேலே இன்னும் ஒரு அடி வரைக்கும் பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல்லைப் பல வாரம் காயவிட்டு, நீர்காப்புக் கலவை சேர்த்து நல்ல தண்ணீரில் திரும்பப் பூச வேண்டும். போர் தண்ணீரில் கலவை போட்டால் செய்த வேலை வீண். வாடகை வீட்டுக்கு எந்த உரிமையாளரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார். மரச்சாமான், கட்டில், பீரோ எதையும் அந்தச் சுவரை ஒட்டிப் போடவும் முடியாது.

அடுத்தது வெள்ளம். இந்த ஊருக்கு வருடத்துக்குச் சராசரியாக 65 செ.மீ. சுற்றித்தான் மழை. அதுவும் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடும். வறண்ட ஊர் என்று நம்பி ஏமாறக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 செ.மீ. கொட்டியது. தூத்துக்குடி மாநகரில் பல தெருக்களில் நாள்கணக்காகத் தண்ணீர் நின்றது. ஊர் தட்டையான நிலம். மழைநீர் பக்கிள் ஓடை வழியாகக் கடலுக்குப் போக வேண்டும், வாட்டம் போதாது. வீடு பார்க்கும்போது வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். எதிர்த்தெரு மளிகைக் கடையில் “அந்த டிசம்பர்ல இங்க எவ்வளவு தண்ணி நின்னுச்சு?” என்று கேளுங்கள், கையை வைத்துக் காட்டுவார்கள். மீட்டர் பெட்டியின் அடிப்பக்கத்தையும் இரும்புக் கேட்டின் கீழ்ப்பகுதியையும் பாருங்கள். ஒரே மட்டத்தில் கோடு போட்டதுபோல் துரு இருந்தால் அதுதான் தண்ணீர் நின்ற உயரம்.

மாடியைப் பார்த்தால் கூரையையும் அண்ணாந்து பாருங்கள். நேர்கோடாக வெடிப்பு ஓடி, பழுப்புக் கறையும் இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதியிருக்கிறது. அந்த அறையில் கட்டில் போடக் கூடாது.

தண்ணீர். மாநகராட்சிக் குடிநீர் தாமிரபரணியிலிருந்து, வல்லநாட்டிலிருந்து குழாயில் வருகிறது. நல்ல தண்ணீர். ஆனால் எல்லாப் பகுதிக்கும் தினமும் வராது, முறை பகுதிக்குப் பகுதி மாறும். ஆளுக்கு நூறு லிட்டர் என்று வைத்தால் மூன்று பேருக்கு நாளுக்கு முந்நூறு. நாலு நாள் இடைவெளி விழுந்தாலும் சமாளிக்க 1,200 லிட்டர் கொள்ளும் கீழ்த்தொட்டி வேண்டும். முக்கியமாக, நல்ல தண்ணீருக்கும் போர் தண்ணீருக்கும் மேல்தொட்டி தனித்தனியாக இருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள். ஒரே தொட்டியில் இரண்டும் விழுந்தால் குளியலறை ஷவர் ஆறு மாதத்தில் அடைக்கும்.

குடிநீருக்கான இந்தியத் தரத்தில் டிடிஎஸ் 500 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. 2,400 என்றால் கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் மட்டும். அதை வீட்டு ஆர்ஓ சுத்திகரிப்பு மெஷினில் விடாதீர்கள், உள்ளே உப்பை வடிக்கும் மெம்பரேன் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மாநகராட்சித் தண்ணீரை மீட்டரில் பார்த்து 500-க்குள் இருந்தால் ஆர்ஓவே வேண்டாம். வடிகட்டிக் காய்ச்சினால் போதும்.

ஸ்பேனர்செட் எழுதியது:

துருவுக்கு ஒரே மருந்து நல்ல தண்ணீர்தான். கடைகளில் விற்கும் ஸ்பிரே எல்லாம் அதற்கு அப்புறம். உப்புத் தூசி படிந்திருக்கும்வரை அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். உலோகத்தின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய உப்புத்தண்ணீர்ப் படலம் நிற்கும். கழுவினால் படலம் போகும். கழுவாமல் மேலே எண்ணெயோ பெயின்டோ பூசினால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியது மாதிரி. கிரில் கேட்டுக்குப் பெயின்ட் அடித்த மூன்றாம் மாதமே கொப்புளம் வருகிறதே, காரணம் அதுதான். துருவைச் சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடிக்க வேண்டும். “நாளைக்கு அடிச்சுக்கலாம்” என்று பெயின்டர் சொன்னால் ராத்திரியே உப்பு திரும்பப் படிந்துவிடும்.

ஏசி: வெளியூனிட்டைக் கிழக்குப் பார்த்து வைக்காதீர்கள். கடல் அந்தப் பக்கம். வேறு வழியில்லை என்றால் ஒரு சுவரின் மறைவில் வையுங்கள். ஆனால் காற்று வெளியேற இடம் விட வேண்டும். தாங்கும் பிராக்கெட் சாதா இரும்பில் பவுடர் கோட்டிங் போட்டதாக இருந்தால் போல்ட் துளையிலிருந்து துரு ஆரம்பிக்கும். ஹாட் டிப் முறையில் துத்தநாகம் ஏற்றியது வாங்கி, போல்ட், நட்டு, வாஷர் மூன்றும் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் போடுங்கள். 304 தரம் கடலோரத்தில் டீக்கறை மாதிரி புள்ளி விழும். வருடத்துக்கு ஒரு தடவை போல்ட்டைத் தொட்டுப் பாருங்கள். கீழே ஆள் நடக்கும் இடம் என்றால் கட்டாயம்.

மாதம் ஒரு தடவை வெளியூனிட்டைக் கழுவ வேண்டும். முதலில் ஏசிக்கு மின்சாரம் போகும் எம்சிபி சுவிட்சை இறக்குங்கள். ரிமோட்டில் அணைத்தால் போதாது. தோட்டத்து ஹோஸில் சாதாரண அழுத்தத்தில், ஃபின்னுக்கு (பின்பக்கம் வரிசையாக இருக்கும் மெல்லிய தகடுகள்) நேர்குத்தாக, மேலிருந்து கீழே விடுங்கள். பைக் கழுவும் பிரஷர் பம்பைக் கொண்டுபோனால் ஃபின் மடங்கிக் காற்றுப்பாதை அடைபடும். மின்சுற்றுப் பலகை இருக்கும் பக்கவாட்டு மூடிமேல் தண்ணீர் படக் கூடாது. அரை மணி நேரம் காயவிட்டு எம்சிபியை ஏற்றுங்கள். போர் தண்ணீரில் கழுவினால் உப்பைக் கழுவ உப்பையே ஊற்றியதாகிவிடும்.

பைக்: வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரில், குறிப்பாக அடிப்பக்கம், சைலன்சர் இணைப்பு, ஸ்போக்ஸ். செயினைத் துடைத்து 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை செயின் லூப் (மசகு) அடியுங்கள். கழுவாமல் கவர் போடுவது கவரே போடாததைவிடக் கெடுதல், ஈரமும் உப்பும் உள்ளேயே வேகும். பேட்டரி முனையில் வாசலின் தடவினால் பச்சை பூக்காது.

கீசருக்குள் மக்னீசியம் கம்பி ஒன்று இருக்கும், ஆனோடு ராடு என்பார்கள். தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபடுவதுதான் அதன் வேலை. கோவையில் வருடக்கணக்கில் அதை யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். இங்கே வருடம் ஒரு தடவை கழற்றிப் பாருங்கள், பென்சில் அளவுக்கு மெலிந்திருந்தால் மாற்றுங்கள். சூட்டை 50 டிகிரிக்கு மேல் வைக்காமல் இருந்தால் உப்புப் படிவு குறையும். வாஷிங் மெஷினுக்கு மாதம் ஒரு தடவை காலி டிரம்மில் 100 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) போட்டு வெந்நீரில் ஓடவிடுங்கள். அதோடு பிளீச்சிங் எதையும் கலக்கவே கூடாது, விஷவாயு வரும்.

கூடைமீன் எழுதியது:

மீனுக்கு வருவோம். இந்த ஊரோட பெரிய பாக்கியமே அதுதான்.

மத்த ஊர்ல மீன்னா விடியக்காலை. இங்க விசைப்படகுங்க காலை அஞ்சு மணிக்குப் போயி ராத்திரி ஒன்பது மணி வாக்குல கரைக்கு வரும். அதனால மீன்பிடித் துறைமுகத்துல ராத்திரிதான் சந்தை. அன்னைக்குப் பிடிச்ச மீன் அன்னைக்கே. நாட்டுப்படகு மீன் வேணும்னா திரேஸ்புரம். கடல்ல தங்கிப் பிடிக்கிற படகுங்க சனிக்கிழமைக் கரை திரும்பும். அன்னைக்கு வரத்தும் அதிகம், கூட்டமும் அதிகம், விலையும் அதிகம். ஞாயித்துக்கிழமைக் குழம்புக்காக ஊரே நிக்கும். ஏலம் கூடைக் கணக்குல போகும், வீட்டுக்கு வாங்குறவங்க அதுக்குள்ள நுழைய வேண்டாம். ஏலம் எடுத்துட்டு வெளியில உக்காந்து விக்கிற அக்காமார்கிட்ட வாங்குங்க. ஒரே அக்காகிட்ட நாலு தடவை வாங்கினா அஞ்சாவது தடவை “இது வேண்டாம்யா, நேத்து மீன்” அப்படின்னு அவுங்களே சொல்லுவாங்க.

நீங்க வர்ற ஜூன் முதல் வாரம் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் மட்டும்தான், விலை ஏறிக் கிடக்கும். அந்த ரெண்டு வாரமும் சீலாவுக்கு ஆசைப்படாம சாளை, நகரை, முரல் கிடைச்சா வாங்குங்க. சீலாங்கிறது உங்க ஊர்ல வஞ்சிரம். ஊளி, பாறை, விளமீன் மூணும் குழம்புக்கு அருமை, சீலாவைவிட மலிவு. முழு மீனா வாங்கினா தலை, குடல், செதில் போக மூணுல ஒரு பங்குக்கு மேல குறையும், அதையும் கணக்குல வச்சு வாங்குங்க.

பாக்குற முறை: கண்ணு புடைச்சுத் தெளிவா இருக்கணும், குழிஞ்சு வெள்ளை படிஞ்சிருந்தா வேண்டாம். செவுளைத் தூக்கிப் பாத்துட்டு மோந்தும் பாருங்க, சிவப்பு மட்டும் போதாது. விரலால அமுக்கினா பள்ளம் உடனே எழும்பணும். கணவாய் புதுசுன்னா தோல்ல பழுப்புப் புள்ளி தெளிவா இருக்கும், ரோஸ் நிறம் சதைக்குள்ள இறங்கியிருந்தா பழசு. நண்டைக் கையில தூக்கிப் பாருங்க, உருவத்துக்குக் கனமா இருக்கணும். லேசா இருந்தா ஓடுதான் மிச்சம்.

குழம்பு வைக்கிறப்ப அரைக் கிலோ மீனுக்கு எலுமிச்சங்காய் அளவு புளி, பத்துப் பன்னெண்டு சின்ன வெங்காயம், அரை மூடித் தேங்காயோட அரை ஸ்பூன் சீரகம் சேத்து மையா அரைச்சது. புளிக்கரைசல் மசாலாவோட கொதிச்சுப் பச்சை வாசனை போன பிறகு தேங்காயை ஊத்தி, ஒரு கொதி வந்ததும் மீனைப் போட்டுத் தீயைக் குறைச்சிருங்க. ஏழெட்டு நிமிசம் போதும். கரண்டி போடாதீங்க, சட்டியைத் துணியால பிடிச்சு ஒரு சுத்துச் சுத்துங்க. தேங்காய் ஊத்தின பிறகு தளதளன்னு கொதிக்கவிட்டா எண்ணெய் பிரிஞ்சு திரிஞ்சு போகும்.

சிறுவாணிக்காரன் கேட்டது:

ரொம்ப நன்றி. கீழ்வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இன்னும் இரண்டு கேள்வி. அயிலை, சூரை சாப்பிட்டால் சிலருக்கு முகம் சிவந்து அரிக்கிறதே, அது அலர்ஜியா? ஆர்ஓவில் வெளியேறும் தண்ணீரைச் செடிக்கு விடலாமா?

கூடைமீன் எழுதியது:

பெரும்பாலும் மீன் அலர்ஜி இல்லை, ஐஸ் இல்லாம கிடந்த மீன். சூரை, கேரை, அயிலை, சாளை இதெல்லாம் வெயில்ல கிடந்தா சதையில ஹிஸ்டமின் ஊறிரும். அது பொரிச்சாலும் கொதிக்க வச்சாலும் போகாது, மோந்து பாத்தும் கண்டுபிடிக்க முடியாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல முகம் சிவக்கும், அரிப்பு, தலைவலி வரும். மூச்சு முட்டினா உடனே ஆஸ்பத்திரி. மத்தபடி மறுபடி மறுபடி வந்தா டாக்டர்கிட்டக் காட்டி அலர்ஜியான்னு உறுதி பண்ணிக்கோங்க. வாங்கப் போறப்பவே மூடி போட்ட டப்பா கொண்டு போங்க, ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உடைச்ச ஐஸ். அடியில ஒரு அடுக்கு, மேல ஒரு அடுக்கு. உருகின தண்ணியில மீன் ஊறக் கூடாது.

உப்பளம் எழுதியது:

ஆர்ஓ கழிவுத் தண்ணீர் செடிக்கு வேண்டாம். உள்ளே போன தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம். கருவேப்பிலை முதலில் நுனி கருகும், அப்புறம் இலை உதிரும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து விடுங்கள், அதில் உப்பு கிடையாது. தொட்டிச் செடிக்கு அதுவே போதும்.

மாடிவீடு பார்க்கும்போது காற்றையும் பாருங்கள். மார்ச் முதல் மே வரை மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்து ஏறும், படுக்கையறைக்குக் கிழக்கு ஜன்னல் இருந்தால் அந்த மாதங்களில் பகல் தூக்கம் சுகம். ஜூன் பிறந்தால் கச்சான். மேற்கும் தென்மேற்குமாக நிலத்தைத் தாண்டி வரும் காற்று, சூடும் புழுதியும் சேர்ந்தது. மேற்கு ஜன்னலுக்கு வலையும் கனத்த திரையும் வேண்டும். கொடியில் துணிக்குக் கிளிப் இரண்டாகப் போடுங்கள்.

பனைவிடலி எழுதியது:

ஊரை ரசிப்பது பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

நீங்கள் வரும்போது பதநீர் முடியும் தறுவாய், கிடைத்தால் விடாதீர்கள். காலை ஏழு மணிக்கு முன்னால் குடிக்க வேண்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவித்தான் இறக்குவார்கள், இல்லையென்றால் புளித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு கூடினால் நாக்கு எரியும். ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பனையோலைப் பட்டையில் ஊற்றித் தந்தால் ஓலை வாசனையோடு குடிக்கலாம், அதற்கு டம்ளர் ஈடாகாது. கருப்பட்டிக்கு உடன்குடி. அதற்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உடைத்துப் பாருங்கள், உள்ளே மங்கலாக இருக்க வேண்டும். பளபளவென்று மணிமணியாக இருந்தால் சீனி கலந்தது.

சாயங்காலத்துக்கு ரோச் பூங்கா, முத்துநகர் கடற்கரை. எதிரே தீவுகளும் அதற்கப்பால் இலங்கையும் இருப்பதால் கடல் மெரினா மாதிரி அறையாது, குழந்தையைக் கரையில் உட்காரவைத்துக் காற்று வாங்கலாம். கிழக்குக் கடல் என்பதால் சூரியன் எழுவதைப் பார்க்கத்தான் போக வேண்டும், ஆறு மணிக்குள் இருங்கள். ஒன்று முக்கியம்: பவளத் துண்டு கண்ணில் பட்டால் வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். செத்த பவளமானாலும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கடல் அட்டையும் அப்படியே. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கு அனுமதியில்லாமல் போகவும் கூடாது. “படகில் கூட்டிப்போகிறேன்” என்று யாராவது சொன்னால் ஏறாதீர்கள்.

துறைமுகச் சாலையில் உப்பளம். ஜனவரிக்கு மேல் பாத்தி கட்டி, செப்டம்பர், அக்டோபர் வரைக்கும் உப்பு வாருவார்கள். காலை வெயிலில் குவியலைப் பார்த்தால் கண் கூசும். மழைக்குப் பிறகு பாத்திகளில் பூநாரை இறங்கும், டிசம்பர், ஜனவரியில் பைனாகுலரோடு போங்கள்.

ஜூலை 26-இல் பனிமய மாதா பேராலயத்தில் கொடியேற்றம், ஆகஸ்ட் 5-இல் பெருவிழா. அந்தப் பதினோரு நாளும் கடற்கரைச் சாலைப் பக்கம் வண்டி ஓட்டுவது கஷ்டம். தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து போங்கள். எல்லா மதத்துக்காரர்களும் வருவார்கள்.

ராத்திரிக்குப் பரோட்டா. பொரிச்ச பரோட்டா கேட்டு வாங்குங்கள். அது எண்ணெயில் முறுகிய ஜாதி. இலையில் விழுந்ததும் சூட்டோடு பிய்த்துப் போட்டு, சால்னாவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே சாப்பிட வேண்டும். மொத்தமாக ஊற்றினால் இரண்டு நிமிடத்தில் முறுகல் போய்விடும். பார்சல் வாங்கினால் சால்னா தனியாக, பரோட்டாவைக் காகிதத்தில் மட்டும் சுற்றச் சொல்லுங்கள். பிளாஸ்டிக்கில் கட்டினால் ஆவி அடைபட்டு ரப்பராகிவிடும்.

மக்ரூன் வாங்கிக் கோவைக்கு அனுப்புவீர்கள், எல்லோரும் அனுப்புவார்கள். முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, இந்த மூன்றுதான். முட்டை சாப்பிடாதவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அடித்த வெள்ளைக்கருவுக்குள் இருக்கும் காற்றுதான் அந்த மொறுமொறுப்பு. அதனால் ஈரம் பட்டால் சீனி கசிந்து பல்லில் ஒட்டும். கடையில் கண்ணாடி ஜாடி அடிக்கடி திறந்து மூடும் நேரத்தில் வாங்காமல், அன்றைக்குச் சுட்டதைக் கேட்டு அட்டைப்பெட்டியில் வாங்கி, வீட்டுக்கு வந்ததும் இறுக்கமான மூடி உள்ள எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும். அனுப்பும்போது கூம்பு நுனி நொறுங்காமல் இருக்க டப்பாவைத் தலைவரை நிரப்பி, மூடிக்கு அடியில் மடித்த பட்டர் பேப்பர் ஒன்று வையுங்கள். இடைவெளி இருந்தால் கோவை போய்ச் சேரும்போது தூள்தான் இருக்கும்.